கூடாரம் போட்டுத் தங்கும்போது காட்டுயிர்களைப் பார்ப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காட்டில் இரண்டு இரவு தங்கிவிட்டு, “அணிலைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை” என்று அலுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் காட்டில் குறை இருக்காது. பேசிக்கொண்டே நடந்திருப்பார்கள், வெயில் ஏறிய பிறகு கிளம்பியிருப்பார்கள், காற்று அவர்கள் முதுகிலிருந்து முன்னோக்கி அடித்திருக்கும். அங்கிருந்த விலங்குகள் எல்லாம் அவர்களை முன்கூட்டியே கேட்டு, மோந்து, ஒதுங்கிப் போயிருக்கும். காட்டுயிர் பார்ப்பதில் பாதிக்குமேல் வேலை, சரியான இடத்தில் சரியான நேரத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காருவதுதான். மீதிப் பாதி, அந்த இடம் எது என்று கண்டுபிடிப்பது.

கூடாரம் போட்டுத் தங்குகிறவருக்கு இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. பகலில் வந்து போகிறவர் இன்னும் வந்து சேராத விடியற்கருக்கலிலும், அவர் கிளம்பிப் போய்விட்ட அந்தியிலும் இவர் காட்டுக்குள்ளேயே இருக்கிறார்.

கிளம்புவதற்கு முன்

முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி: அந்தக் காட்டில் ஆளைக் கொல்லக்கூடிய விலங்கு எது? மற்ற எல்லாம் இதற்கான பதிலைப் பொறுத்தது. யானை, புலி, கரடி நடமாடும் காடு என்றால், கீழே சொல்லப்போகும் இரவு நடையும் தனியாக உட்காருவதும் கிடையாது. அனுமதிக்கப்பட்ட முகாமில், காட்டைத் தெரிந்த வழிகாட்டியோ வனக்காவலரோ கூட இருந்தால் மட்டுமே வெளியே காலடி வைக்க வேண்டும். முயல், நரி, மான், ஆந்தை உள்ள காடு என்றால் உங்களுக்குச் சுதந்திரம் அதிகம்.

இரண்டாவது, அங்குள்ள விதிகள். கூடாரம் எங்கே போடலாம், தீ மூட்டலாமா, இருட்டிய பிறகு நடமாடலாமா, டார்ச் அடித்து விலங்கு பார்க்கலாமா, ட்ரோன் பறக்கவிடலாமா என்று எழுத்தில் பார்த்துவிடுங்கள். காப்புக்காடுகள் பலவற்றில் கடைசி மூன்றுக்கும் தடை இருக்கும். வேட்டைக்கு அனுமதி உள்ள நாடு என்றால் வேட்டைப் பருவம் எப்போது என்று பார்த்து, அந்த நாட்களில் ஆரஞ்சு நிற மேலங்கி போட்டுக்கொள்ளுங்கள். மான் அந்த நிறத்தைப் பளிச்சென்று உணராது; துப்பாக்கி பிடித்த மனிதர் உணர்வார்.

பாலூட்டிகளில் பல நீலத்தையும் மஞ்சளையும் பிரித்தறியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாது. மான்கள் நீலத்துக்குக் கூடுதலாகவே கூர்மையானவை. ஆக, புதியவர்கள் ‘கண்ணை உறுத்தாது’ என்று நம்பி அணியும் நீல ஜீன்ஸ், மானைப் பொறுத்தவரை சிவப்புச் சட்டையைவிட மோசம். துணியை வெளுப்பாகக் காட்டும் சோப்புத் தூளும் அப்படித்தான். அதிலுள்ள வேதிப்பொருள் புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக உமிழும். பழுப்பு, மங்கிய பச்சை, சாம்பல் நிறத் துணியை வெறும் தண்ணீரில் அலசிப் போட்டுக்கொண்டால் போதும். இலைதழை அச்சிட்ட விலை உயர்ந்த உடைகள் தேவையில்லை. நிறத்தைவிடச் சத்தம் முக்கியம்: கையை அசைத்தாலே சரசரக்கும் நைலான் மழைச்சட்டை, பர்ரென்று பிரியும் ஒட்டுப்பட்டை இவற்றைத் தவிருங்கள். பறவைகளோ நம்மைவிட நன்றாக நிறம் பார்ப்பவை. அவற்றிடம் உடை செல்லாது, அசையாமல் இருப்பதுதான் செல்லும்.

பைனாகுலர்: ஒன்றே ஒன்று வாங்குவதென்றால்

8×42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் உங்கள் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 8×42-இல் அது 5.25 மி.மீ.; பைக்குள் அடங்கும் 8×25-இல் 3.1 மி.மீ.தான். நடுப்பகலில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் அப்போது நம் கண்மணியே சுருங்கித்தான் இருக்கும். பொழுது சாய்ந்து கண்மணி விரிந்த பிறகு சின்னதில் எல்லாம் சாம்பலாகிவிடும். விலங்குகள் வெளியே வருவதோ அந்த நேரத்தில்தான். 12 மடங்கு, 16 மடங்கு என்று விளம்பரப்படுத்துவதைப் பார்த்து மயங்க வேண்டாம். உருவத்தோடு உங்கள் கைநடுக்கமும் அதே மடங்கு பெருகும், பார்வைப் பரப்பு குறுகும். மரங்களுக்கு நடுவே ஒரு பறவையைப் பிடிக்கப் பரப்புதான் வேண்டும்.

வாங்கியவர்களில் பலர் அதைச் சரிசெய்யாமலே வருடக்கணக்கில் பார்க்கிறார்கள். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. இரண்டு குழல்களையும் மடக்கி விரித்து, இரு வட்டங்களும் ஒரே வட்டமாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள்.
2. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்பக்க ரப்பர் விளிம்பை முழுக்க இறக்கிவிடுங்கள். போடாதவர்கள் ஏற்றிவிடுங்கள். படத்தைச் சுற்றிக் கறுப்பு நிழல் அலைபாய்ந்தால் இந்த உயரம் சரியில்லை என்று பொருள்.
3. வலதுபக்க முன்கண்ணாடியைக் கையால் மறைத்து, இருபது முப்பது மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு கிளையை நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள்.
4. இப்போது இடதுபக்கத்தை மறையுங்கள். நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் அருகே இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி அதே கிளையைத் தெளிவாக்குங்கள். (சில மாடல்களில் இந்த வளையம் வேறிடத்தில் இருக்கும்.) அந்த வளையம் நிற்கும் இடத்தை நினைவில் வையுங்கள், இனி நடுச்சக்கரம் மட்டும் போதும்.

விலங்கைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைத் தேடக்கூடாது. பார்வையை விலங்கின் மேலேயே வைத்துக்கொண்டு, பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். முகாமில் சும்மா இருக்கும்போது ஓர் இலையைப் பார்த்து, கண்ணை எடுக்காமல் தூக்கிப் பழகுங்கள். இது கைக்குப் பழகும் வரை எந்த விலையில் வாங்கியதும் வீண்தான்.

இதுபோக வேண்டியவை: சிவப்பு வெளிச்சமும் வரும் ஹெட் டார்ச், தரையில் போட்டு உட்கார ஒரு தடிமனான விரிப்பு, கொசுவலைத் தொப்பி, குறிப்பேடு, பென்சில், பதினைந்து சென்டிமீட்டர் அடிக்கோல். மழையில் பேனா எழுதாது, பென்சில் எழுதும்.

கூடாரம் எங்கே, பார்க்கும் இடம் எங்கே

இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாது. தண்ணீரை ஒட்டிக் கூடாரம் போட்டால் விலங்கு கண்ணெதிரே வரும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. அந்தத் துறைக்கு வர வேண்டியவை உங்கள் வாசனையால் வராமலே போய்விடும், அல்லது இருட்டில் உங்கள் கயிற்றில் தடுக்கும். நீர்க்கரையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, விலங்குத் தடம் எதுவும் குறுக்கே போகாத மேட்டில் போடுங்கள். ஒரு முழ அகலத்துக்குப் புல் படிந்து, அங்கங்கே புழுக்கையோ குளம்புத்தடமோ தெரிந்தால் அது விலங்குகள் நடக்கும் வழி. தலைக்குமேல் பட்ட கிளை தொங்குகிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள்.

சமையலை இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். புகையும் பாத்திரச் சத்தமும் அடங்கக் காட்டுக்கு நேரம் வேண்டும். உணவைக் கூடாரத்துக்குள் வைக்கக்கூடாது. பற்பசை, சோப்பு, உதட்டுக் களிம்பும் உணவுக் கணக்குதான். மோப்பத்துக்கு வித்தியாசம் தெரியாது. கரடி உள்ள இடங்களில் உறங்கும் இடம், சமைக்கும் இடம், உணவு வைக்கும் இடம் மூன்றும் ஒன்றுக்கொன்று 90 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். இரும்புப் பெட்டியோ கரடியால் திறக்க முடியாத டப்பாவோ இருந்தால் அதில் வையுங்கள். இல்லாவிட்டால் தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்திலும் அடிமரத்திலிருந்து 2 மீட்டர் விலகியும் கயிற்றில் தொங்கவிடுங்கள். விலங்கைக் கிட்டே வரவழைக்க ஒரு பிஸ்கட் துண்டைக்கூடப் போடாதீர்கள். ஆளிடம் உணவு கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட குரங்கோ கரடியோ அடுத்து வருகிறவரின் பையைக் கிழிக்கும், கடைசியில் பழி விலங்கின் மேல்தான் விழும்.

எந்த நேரம்

சூரியன் எழுவதற்கு அரைமணி முன்பிருந்து இரண்டு மணி நேரம். மறைவதற்கு ஒன்றரை மணி முன்பிருந்து முழு இருட்டு வரை. மான், முயல், நரி, பன்றி எல்லாம் அதிகம் நடமாடும் நேரம் இது. நடுப்பகலில் பாலூட்டிகள் பெரும்பாலும் படுத்திருக்கும். அப்போது தடம் தேடுங்கள், பூச்சியும் ஓணானும் பாருங்கள், மதியத் தூக்கம் போடுங்கள். மழை விட்ட உடனே வரும் ஒரு மணி நேரத்தைத் தவறவிட வேண்டாம். நனைந்த சருகு சத்தம் போடாது, ஈர மண்ணில் புதுத்தடம் மட்டும் இருக்கும், அடங்கிக் கிடந்தவை மேயக் கிளம்பும். பலத்த காற்று அடிக்கும் நாளில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இலைச் சத்தத்தில் எதிரி வருவது கேட்காது என்பதால் மான்கள் மிரண்டு, மறைவிலேயே நின்றுவிடும்.

காற்று

புதியவர்கள் மறக்கும் விஷயம் இதுதான், மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் காரியத்தைக் கெடுப்பதும் இதுதான். மானுக்கு உங்கள் உருவம் சந்தேகம் தந்தால் நின்று பார்க்கும், சத்தம் கேட்டால் காதைத் திருப்பும். வாடை பட்டால் ஓடிவிடும். ஆகவே காற்று எப்போதும் விலங்கு இருக்கும் பக்கமிருந்து உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும். குறைந்தபட்சம் பக்கவாட்டில் போக வேண்டும்.

ஒரு சிட்டிகை முகப்பவுடரை விரலால் தூவினால் காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். வாசனையில்லாத மாவு இன்னும் நல்லது. ஒரு குச்சியில் மெல்லிய நூலைக் கட்டிக் கண்முன்னே ஊன்றி வைத்தால் காற்று மாறுவதும் தெரியும்.

மலைச்சரிவில் இன்னொரு கணக்கு சேரும். வெயில் பட்டுச் சரிவு சூடானதும் காற்று மேல்நோக்கி ஏறும். மாலையில் சரிவு குளிர்ந்ததும் அதே காற்று கீழே இறங்கி, இரவு முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கும். எனவே அந்தியிலும் விடியுமுன்னும் விலங்கு வரும் இடத்துக்குக் கீழ்ப்பக்கம் உட்காருங்கள்; வெயில் சரிவில் நன்றாக விழுந்த பிறகு மேல்ப்பக்கம். காலையில் அருமையாக மேய்ந்துகொண்டிருந்த மான்கூட்டம் ‘காரணமே இல்லாமல்’ கலைந்து ஓடுவது பெரும்பாலும் இந்தத் திசை மாறும் வேளையில்தான்.

உட்காரும் முறை

1. பகலிலேயே இடத்தைப் பார்த்து வையுங்கள். காடு முடிந்து புல்வெளி தொடங்கும் விளிம்பு, ஓடைக்கரை, காய்த்த மரத்தடி, இரண்டு தடங்கள் சந்திக்கும் இடம் இவை நல்லவை. தடத்தின் மேலேயே உட்காராமல் இருபது, முப்பது மீட்டர் தள்ளி, தடத்திலிருந்து காற்று உங்களை நோக்கி வரும் பக்கம் உட்காருங்கள்.
2. உங்கள் தோளைவிட அகலமான மரத்தில் சாய்ந்து, நிழலில் அமருங்கள். மறைப்பு முன்னால் இருப்பதைவிடப் பின்னால் இருப்பது முக்கியம். பின்னணியில் வானம் தெரிந்தால் உங்கள் தலை அசைவது தூரத்திலேயே தெரிந்துவிடும்.
3. காலடியில் உள்ள சருகை ஒதுக்கிவிடுங்கள். காலை மாற்றி வைக்கும்போது வரும் ‘சரக்’ ஒன்றே போதும் ஆட்டத்தைக் கலைக்க. அதற்கு முன் பொந்தோ பாம்போ தேளோ இருக்கிறதா என்று ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள்.
4. தண்ணீர், பைனாகுலர், குறிப்பேடு எல்லாம் கை நீட்டாமல் எடுக்கும் தூரத்தில் இருக்கட்டும். செல்போனில் ஒலியோடு திரை வெளிச்சத்தையும் அடக்குங்கள். பிளாஸ்டிக் உறையில் உள்ள தின்பண்டம் வேண்டாம்.
5. முதல் இருபது நிமிடம் ஒன்றும் நடக்காது. நீங்கள் வந்ததை அந்த இடம் மறக்க அவ்வளவு நேரம் ஆகும். முதலில் சிறு பறவைகள் திரும்பும், பிறகு அணில். பத்து நிமிடத்தில் எழுந்து “வேறு இடம் பார்ப்போம்” என்று போகிறவர்கள் ஒவ்வோர் இடத்திலும் இதே இருபது நிமிடத்தைத் திரும்பத் திரும்பச் செலவழிக்கிறார்கள். குறைந்தது ஒரு மணி நேரம் உட்காருங்கள்.
6. கழுத்தை மெதுவாகத் திருப்புங்கள். விலங்கு தலை குனிந்து மேயும்போது மட்டும் அசையுங்கள். சந்தேகப்பட்ட மான் மேய்வதுபோலத் தலையைத் தாழ்த்திப் பாவனை காட்டிவிட்டுச் சட்டென்று நிமிர்ந்து பார்க்கும். ஒரு தடவை குனிந்ததுமே நம்பிக் கையைத் தூக்காதீர்கள்.
7. எழுந்து போகும் அவசரம் வேண்டாம். விலங்கு தானாக விலகிய பிறகு கிளம்பினால் நாளைக்கும் அங்கே அது வரும்.

எதைத் தேடுவது? முழு மானைத் தேடினால் கிடைக்காது. காட்டில் பெரும்பாலான கோடுகள் நெட்டுக்குத்தானவை; மரம், தண்டு, கொடி. அவற்றுக்கு நடுவே இடுப்பு உயரத்தில் ஒரு கிடைக்கோடு தெரிந்தால் அது விழுந்த மரமாகவோ ஒரு முதுகாகவோ இருக்கும். பைனாகுலரை அங்கே வைத்துக் காது அசைகிறதா, வால் அசைகிறதா என்று பாருங்கள்.

நடந்துதான் ஆக வேண்டும் என்றால் ஐந்தாறு அடி வைத்து ஒரு மரத்தின் பக்கத்தில் நின்று, ஒரு நிமிடம் நாலாபக்கமும் பார்த்து, பிறகு அடுத்த ஐந்தாறு அடி. ஒரே சீராக அடியெடுத்து நடப்பது மனிதர்தான் என்று எல்லா விலங்குக்கும் தெரியும்.

தடயங்களைப் படிப்பது

விலங்கைப் பார்க்காத நாளிலும் அது எழுதிவிட்டுப் போனது இருக்கும். ஓடைக்கரைச் சேறு, மழை காய்ந்த வண்டித்தடம், எறும்புப்புற்றைச் சுற்றியுள்ள மண் இவற்றில் தேடுங்கள். காலை, மாலைச் சாய்வெயிலில் தடத்தின் விளிம்பு நிழல் போட்டு எடுப்பாகத் தெரியும். உச்சிவெயிலில் அதே தடம் மறைந்தே போகும். வெயில் வரும் பக்கத்தை நோக்கி நின்று பாருங்கள்.

நாய்க்குடும்பமா பூனைக்குடும்பமா என்பதில்தான் அதிகம் பேர் குழம்புவார்கள். இரண்டுக்கும் நான்கு விரல்தான் பதியும். நரி, ஓநாய், நாய்த் தடங்களில் நகம் பதியும்; இடம் வலம் இரண்டும் ஒரேமாதிரி இருக்கும்; விரல்களுக்கும் பின்மெத்தைக்கும் நடுவே உள்ள மேட்டில் ஒரு பெருக்கல் குறி போடலாம். பூனைக்குடும்பம் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். விரல்கள் சற்றே ஒருபக்கம் சாய்ந்திருக்கும், ஒரு விரல் மற்றவற்றைவிட முன்னால் நிற்கும். பின்மெத்தையின் பின்விளிம்பில் மூன்று மடிப்புத் தெரியும். வழுக்கும் சேற்றில் பூனையும் நகத்தை ஊன்றும் என்பதால் நகத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், அந்த மூன்று மடிப்பைத் தேடுங்கள். சிறுத்தை என்று பரபரப்பாகச் சுற்றிவரும் தடப்படங்களில் பல, இந்த ஒரு சோதனையிலேயே நாயாகிவிடும்.

குளம்புத்தடம் எளிது. மானுக்கு இரண்டு குளம்பு, கூரான பக்கம் போகும் திசை. காட்டுப்பன்றிக்கு அதே இரண்டோடு பின்னால் இருபுறமும் ஒதுங்கிய இரண்டு சிறு குழிகளும் மென்மண்ணில் விழும். ஓடும் மானுக்கும் அவை விழலாம். ஆனால் அப்போது முன்குளம்புகள் அகன்று விரிந்திருக்கும். முயல் தடத்தைப் புதியவர்கள் தலைகீழாகப் படிப்பார்கள். தாவும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி விழுவதால், பெரிய இரண்டும் பக்கம் பக்கமாக முன்னே இருக்கும், சிறிய இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னே இருக்கும். அணிலும் அப்படியே தாவும், ஆனால் அதன் சிறிய இரண்டும் பக்கம் பக்கமாகவே விழும்.

கடித்த தளிரையும் உற்றுப் பாருங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பல்லுக்கும் மேல் ஈறுக்கும் நடுவே பிடித்து இழுத்துத்தான் பிய்க்கும். அதனால் காம்பு நார் நாராகக் கிழிந்து தொங்கும். முயலுக்கு மேலும் கீழும் உளிப்பல்; கத்தியால் சாய்வாக வெட்டியதுபோலக் காம்பு சுத்தமாக அறுந்திருக்கும். இடுப்பு உயரத்தில் கிழிசல், முழங்காலுக்குக் கீழே வெட்டு என்றால் இரண்டுமே அங்கே மேய்கின்றன. காம்பின் முனை இன்னும் ஈரமாக, பச்சையாக இருந்தால் அன்று மாலையே அங்கே உட்காரலாம்.

எச்சத்தில் ரோமமும் எலும்புச் சில்லும் இருந்தால் ஊனுண்ணி; பழக்கொட்டை நிறைய இருந்தால் மரநாய், நரி, கரடி போன்ற கலப்புணவு விலங்கு. கையால் தொடாதீர்கள், குச்சியால் கிளறும்போதும் முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ஊனுண்ணிகளின் கழிவில் மனிதருக்குத் தொற்றும் நாடாப்புழு முட்டைகள் இருக்கலாம். ஒரு மரத்தடியில் சுண்ணாம்பு தெளித்ததுபோல வெள்ளைக் கறைகளும், ரோமமும் சிறு எலும்புகளும் சேர்ந்து உருண்ட சாம்பல் நிறக் கட்டிகளும் கிடந்தால் நிமிர்ந்து பாருங்கள். ஆந்தை இரையைப் பெரும்பாலும் முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காததைக் கட்டியாகக் கக்கும். பகலில் அது அதே கிளையில் தூங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். குரலைத் தாழ்த்திக்கொண்டு விலகிவந்து, தூரத்திலிருந்து பாருங்கள்.

தடம் கிடைத்தால் அடிக்கோலைப் பக்கத்தில் வைத்து, நேர்மேலிருந்து ஒரு படம். பிறகு தொடர்ச்சியாக நாலைந்து தடங்கள் தெரிய ஒரு படம். நகத்தை விட்டுவிட்டு நீளம், அகலம் அளந்து எழுதுங்கள். அளவுகோல் இல்லாத படத்தை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

காதுக்கு வேலை

அடர்ந்த காட்டில் கண்ணைவிடக் காதுதான் முதலில் கண்டுபிடிக்கும். பல சிறுபறவைகள் ஒரே கிளையைச் சுற்றிக் கூச்சலிட்டால் அங்கே ஆந்தையோ பாம்போ இருக்கும்; சத்தத்தின் நடுவை நோக்கிப் பைனாகுலரைத் திருப்புங்கள். மான், குரங்கு, அணில் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கைக் குரல் தனி: குட்டையாக, உரக்க, விடாமல் திரும்பத் திரும்ப வரும். ஒரு குரல் கேட்டு அடங்கினால் அது உங்களைப் பார்த்துக்கூட இருக்கலாம். குரல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்துகொண்டே போனால் ஊனுண்ணி நடந்துபோகிறது. ஊனுண்ணி உள்ள காட்டில் அதைப் பின்தொடராதீர்கள், இருந்த இடத்திலேயே இருங்கள்.

பறவைக் குரலை அடையாளம் காண ‘மெர்லின்’ செயலி உதவும். தேவையான தொகுப்பை முன்பே இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். மற்றப் பறவையின் குரலைப் போலவே கூவும் பறவைகளிடம் அது ஏமாறும், ஆகவே கண்ணால் பார்க்காததை உறுதி என்று எழுத வேண்டாம். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது பலர் செய்வதுதான், ஆனால் செய்யக்கூடாதது. இனப்பெருக்கக் காலத்தில் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதென்று நம்பி, கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு அது உங்கள் போனோடு சண்டைக்கு வரும்.

இரவில்

கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். ஒரே ஒரு வெள்ளை வெளிச்சம் அதை நொடியில் கலைத்துவிடும். சிவப்பு வெளிச்சம் அந்தளவு கலைக்காது, பெரும்பாலான பாலூட்டிகளையும் குறைவாகவே மிரட்டும். சிவப்பு வசதி இல்லாத டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக வைத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். இருட்டில் மங்கலான உருவத்தை நேராகப் பார்த்தால் மறையும், சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரியும். நம் விழித்திரையின் நடுவில் இருட்டுப் பார்வைக்கான செல்கள் இல்லாததுதான் காரணம். நடப்பதற்கு மட்டும் வெள்ளை வெளிச்சத்தையே வையுங்கள். சிவப்பு வெளிச்சத்தில் பாம்பும் சருகும் ஒன்றுபோலத் தெரியும்.

கண் மினுங்குவதைப் பார்க்க டார்ச்சை உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். திரும்பி வரும் ஒளி வந்த வழியே போவதால் இடுப்பில் பிடித்தால் ஒன்றும் தெரியாது. நிறத்தை நம்பாதீர்கள், கோணத்தைப் பொறுத்து ஒரே விலங்குக்கே பச்சையும் மஞ்சளுமாக மாறும். தரையிலிருந்து எவ்வளவு உயரம், இரண்டு கண்ணுக்கும் எவ்வளவு இடைவெளி, எப்படி நகர்கிறது என்பதைப் பாருங்கள். தரையில் பனித்துளிபோல நூற்றுக்கணக்கில் மின்னுவது சிலந்திகள். எல்லாக் கண்ணும் மின்னாது: பன்றிக்கும் அணிலுக்கும் பெரும்பாலான குரங்குகளுக்கும் ஒளியைத் திருப்பி அனுப்பும் அந்தப் படலம் இல்லை. எனவே கண் மின்னவில்லை என்பதால் அங்கே பன்றி இல்லை என்று நினைத்து முன்னே போக வேண்டாம். விலங்கின் மேல் மூன்று நான்கு நொடிக்குமேல் ஒளியை நிறுத்தாதீர்கள்.

எவ்வளவு கிட்டே போகலாம்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் விதி தெளிவானது: கரடிக்கும் ஓநாய்க்கும் மலைச்சிங்கத்துக்கும் 100 கஜம், அதாவது 91 மீட்டர், மற்ற விலங்குகளுக்கு 25 கஜம், 23 மீட்டர். உங்கள் காட்டில் வேறு விதி இல்லாவிட்டால் இதையே வைத்துக்கொள்ளலாம். அளவு நாடா இல்லாமல் சோதிக்க: கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலைத் தூக்குங்கள். விரல் விலங்கை முழுக்க மறைக்காவிட்டால் மிகக் கிட்டே இருக்கிறீர்கள். தூரம் எதுவானாலும், மேய்வதை நிறுத்தி உங்களையே பார்த்தால் ஒரு படி பின்வாங்குங்கள். யானை இதில் எந்தக் கணக்குக்கும் வராது. நடந்துபோய்ப் பார்க்கும் விலங்கல்ல அது.

எதிர்பாராமல் கரடியோ, புலி, சிறுத்தை போன்ற பெரும்பூனையோ எதிரே வந்துவிட்டால் ஓடாதீர்கள். இரண்டும் ஓடுவதைத் துரத்தும். அதன்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு, கையை மெதுவாக உயர்த்தி, தணிந்த குரலில் பேசியபடியே பின்னோக்கி நகருங்கள். குழந்தை கூட இருந்தால் குனியாமல் தூக்கிக்கொள்ளுங்கள். குட்டியோடு இருக்கும் எந்த விலங்கானாலும், அது பன்றியாகவே இருந்தாலும், தாய்க்கும் குட்டிக்கும் நடுவே போய்விடக்கூடாது.

உண்மையில் அதிகம் பேரைக் கடிப்பது சின்ன உயிர்கள்தான். காலுறைக்குள் கால்சட்டையைச் செருகுங்கள், காலையில் காலணியைத் தட்டிப் போடுங்கள், மாலையில் அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மேலே இழுங்கள். எண்ணெய் தடவுவதும் தீக்குச்சி வைப்பதும் வேண்டாம்.

எழுதி வைப்பது

நேரம், இடம், வானிலை, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது: இந்த ஐந்தும் போதும். பெயர் தெரியாத உயிர் என்றால் புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன் பார்த்ததை எழுதுங்கள். உடலளவு, வாலின் நீளம், நடந்ததா தாவியதா, மூக்கு நுனி முதல் வால் வரை எங்கெங்கே என்ன நிறம் என்று குறித்துக்கொள்ளுங்கள். படத்தைப் பார்த்துவிட்டால் நினைவு படத்துக்கு ஏற்பத் திரும்பிக்கொள்ளும்.

பார்த்ததை ‘ஐநேச்சுரலிஸ்ட்’, ‘இபேர்டு’ போன்ற தளங்களில் ஏற்றினால் மற்றவர்கள் அடையாளம் சொல்வார்கள், பதிவு ஆய்வுக்கும் பயன்படும். அழிவின் விளிம்பில் உள்ள பல இனங்களின் சரியான இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மறைத்துவிடும். சமூக ஊடகத்தில் நீங்கள் எழுதும் தலைப்பு வரியை யாரும் மறைக்க மாட்டார்கள். ஆந்தைக் கூடு, நரிப் பொந்து, அரிய விலங்கின் தடம் இவற்றைப் பகிர்வதென்றால் போன் கேமராவின் இருப்பிடக் குறிப்பை அணைத்துவிட்டு, மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.